350 ரிங்கிட் அறிக்கை எதை அளந்தது?

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்த என் மகளைச் சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு தொழில் வழிகாட்டி மையத்துக்கு அழைத்துச் சென்றேன். 350 ரிங்கிட் கட்டணத்தில் 120 கேள்விகள் கொண்ட ஆளுமைச் சோதனை, 12 பக்க அறிக்கை, ஆலோசகருடன் ஒரு மணி நேரச் சந்திப்பு எல்லாம் அடக்கம். வரவேற்பிலும் நேரம் தவறாமையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சோதனைத்தாளில் இருந்தது. 'பனி கொட்டும் நாளில் வெளியே போவதைவிட வீட்டிலிருப்பதையே விரும்புவேன்' என்றொரு கேள்வி. அடைமழையைத் தவிர வேறெதையும் கண்டிராத பெண், சற்று யோசித்துவிட்டு 'ஆம்' என்று குறித்தாள். பள்ளிப் பூப்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய அவளை அறிக்கை 'கூட்டத்தை ஒதுக்குபவர்' என்கிறது. எந்த நாட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்களோடு அவளை ஒப்பிட்டார்கள் என்ற விவரம் 12 பக்கங்களில் எங்குமில்லை.

சோதனையின் ஏற்புடைமையைப் பற்றி, அதாவது அளக்க வேண்டியதைத்தான் அது அளக்கிறதா என்று கேட்டதற்கு, ஆலோசகர் கடைசிப் பக்கத்தில் இருந்த 'க்ரோன்பாக் ஆல்ஃபா 0.91' என்ற வரியைக் காட்டினார். அது நம்பகத்தன்மைக்கான எண். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்லும். வழி கேட்கும்போது நான்கு பேர் ஒரே குரலில் தவறான தெருவைக் காட்டினாலும் அந்த ஒற்றுமைக்கு உயர்ந்த எண்ணே கிடைக்கும். 1951-இல் ஆல்ஃபாவைப் பரவலாக்கிய அதே அமெரிக்க உளவியலாளர் க்ரோன்பாக்தான், 1955-இல் மீல் என்பவருடன் சேர்ந்து, ஒரு சோதனை தான் அளப்பதாகச் சொல்லும் பண்பைத்தான் அளக்கிறதா என்பதற்குத் தனிச் சான்றுகள் வேண்டும் என்று விரிவாக எழுதினார். மையத்தார் அவருடைய முதல் கட்டுரையோடு நின்றுவிட்டார்கள் போலும். பரிந்துரைத்த துறைக்குப் போன பிள்ளைகள் அங்கே நிலைத்தார்களா என்று கேட்டேன்; அப்படிப் பின்தொடர்ந்து பார்ப்பதில்லையாம்.

அறிக்கையைப் படித்தபோது எனக்கும் முதலில் 'சரியாகத்தானே இருக்கிறது' என்றே தோன்றியது. 'சில வேளைகளில் கலகலப்பாகவும் சில வேளைகளில் அடக்கமாகவும் இருப்பீர்கள்' என்ற பக்கத்தைப் பெயரை மறைத்து என் தம்பியிடம் நீட்டினேன். லாரிப் பட்டறை நடத்தும் அவன், "அச்சு அசல் நான்தான், அக்கா" என்றான். அமெரிக்க உளவியலாளர் ஃபோரர், 39 மாணவர்களுக்கு ஒரே குறிப்பைத் தனித்தனி ஆளுமை அறிக்கை என்று சொல்லிக் கொடுத்தபோது, தங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் 5-க்குச் சராசரியாக 4.26 கொடுத்தார்கள்; 1949-இல் அதை அவர் வெளியிட்டார்.

ஆலோசகரின் ஒரு மணி நேரம் மட்டும் வீண் போகவில்லை. அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, எந்தப் பாடத்துக்கு யாரும் சொல்லாமலே உட்காருவாய் என்று அவளிடம் பொறுமையாகக் கேட்டார். அந்தச் சந்திப்பைத் தனியாகத் தருவார்களானால் மறுபடியும் போவேன்.