லேசர் பயிற்சித் தோட்டா வாங்கினால் முதலில் திருப்பிப் பாருங்கள்

உண்மைத் தோட்டா இல்லாமல் கைத்துப்பாக்கி பழக லேசர் தோட்டா வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு விற்பனையாளர் எனக்குக் குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பழியை என் விரல்மேல் போட்டார்.

9 மி.மீ. லேசர் தோட்டா ஒன்று, கூடவே சில வெடிக்காத டம்மி தோட்டாக்கள் என்று சேர்த்து விற்கிற பெட்டி அது. லேசர் தோட்டா, குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் இடமான சேம்பருக்குள் உட்காரும். விசையை இழுத்தால் ஃபயரிங் பின் என்ற ஊசி அதன் பின்பக்க ரப்பர் பொத்தானைத் தட்டும், இலக்கில் சிவப்புப் புள்ளி மின்னி மறையும். எனக்குப் புள்ளி ஓயாமல் இடப்பக்கம் கீழேயே விழுந்தது. வலக்கைக்காரர் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு பெரும்பாலும் அங்கேதான் போகும். அதையே சாக்காக வைத்து, "பொருளில் குறையில்லை, உங்கள் விரலைத் திருத்துங்கள்" என்றார் விற்பனையாளர்.

துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பிடித்துவைத்து, தோட்டாவை மட்டும் சேம்பருக்குள் அரைவட்டம் திருப்பினேன். புள்ளி வலப்பக்கம் மேலே போய்விட்டது! விரலில் தப்பென்றால் தோட்டாவோடு சேர்ந்து அது சுற்றுமா? உள்ளே லேசரே சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு டிகிரி சாய்ந்தாலே 5 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 9 செ.மீ. விலகும். புதிதாகப் பழகுகிறவர் இதை நம்பினால், ஒழுங்காக இருக்கும் விசையிழுப்பையும் கெடுத்துக்கொள்வார். வீடியோ எடுத்து அனுப்பினேன். பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார்கள்.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது டம்மி தோட்டாக்களைப் பார்த்துத்தான். பித்தளை நிறம், செம்பு நிற முனை, அப்படியே உண்மைத் தோட்டா. பயிற்சி செய்யும் அறைக்குள் உண்மைத் தோட்டா வரவே கூடாது என்பது அடிப்படை விதி. பார்த்ததும் வேறுபாடு தெரியாத டம்மியை விற்பது உயிரோடு விளையாடுவது. சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று பளிச்சென்ற நிறத்தில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். லேசரின் பாதுகாப்பு வகை எதுவென்றும் பெட்டியில் அச்சிடவில்லை. வகை 2 என்றால் 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாது. வகை 3ஆர் என்றால் 5 மில்லிவாட் வரை போகும், கண்ணுக்கு ஆபத்து கூடும்.

மற்றக் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். லேசர் பொருத்திய போலித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை, இழுக்க வேண்டாம், விசை தானே திரும்பும். ஆனால் அந்த விசையின் இறுக்கம் உங்கள் துப்பாக்கியுடையது அல்ல. முழுவதும் பிளாஸ்டிக்கில் வார்த்த நீலத் துப்பாக்கி உறையிலிருந்து உருவிப் பழக மட்டும். துப்பாக்கியின் அடியில் மாட்டும் சென்சார், விசை இழுபடும்போது குழல் எந்தப் பக்கம் அசைகிறது என்று காட்டும். காசு செலவழிப்பதென்றால் நான் அதற்குத்தான் செலவழிப்பேன். பின்னுதைப்பு இவை எதிலும் கிடைக்காது. தொடங்குகிறவருக்கு, ஊசியின் அடியைத் தாங்கும் மெத்தை வைத்த நிறமுள்ள ஸ்னாப் கேப் என்ற டம்மி தோட்டாவும் வெறும் சுவரும் போதும். விசை விடுபடும் நொடியில் குழல் நுனிக்கு மேலே உள்ள முன் குறி அசைகிறதா என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.