மைக்ரோ-நிக்கார் 55: எஃப் 3.5-ஆ, எஃப் 2.8-ஆ?

ஃபிலிமில் மேக்ரோ படமும் எடுக்க வேண்டும், டெவலப் ஆகி வந்த நெகட்டிவை அதே லென்ஸால் டிஜிட்டல் கேமராவில் ஸ்கேனும் செய்ய வேண்டும் என்று தேடுபவர்கள் பலர் கடைசியில் நிக்கானின் 55 மி.மீ. மைக்ரோ-நிக்காரில்தான் வந்து நிற்கிறார்கள். பழைய சந்தையில் அது இரண்டு வகையாகக் கிடைக்கிறது (எஃப் எண் குறையக் குறைய, வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சர் பெரிதாகும்). ஒன்று, 1960-களில் தொடங்கி 1977-இன் ஏஐ (லென்ஸில் வைத்த அப்பர்ச்சரைக் கேமராவின் மீட்டருக்குத் தானாகத் தெரிவிக்கும் நிக்கான் அமைப்பு) வடிவம் வரை வந்த எஃப் 3.5. மற்றது, அதன் இடத்துக்கு வந்த எஃப் 2.8 ஏஐ-எஸ் (ஏஐயின் அடுத்த வடிவம்). நான் எடுத்தது 3.5 ஏஐ. இன்று மறுபடி வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன்.

கூர்மையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எஃப் 5.6, எஃப் 8-இல் இரண்டுமே ஃபிலிமின் கிரெயினை (துகள்களை) ஓரம்வரை தெளிவாகக் காட்டும். இரண்டும் தனியாக 1:2 வரைதான் போகும், அதாவது பொருளின் பாதி அளவில் பிம்பம் விழும். இரண்டுக்கும் 52 மி.மீ. ஃபில்டர். முன் கண்ணாடி ஆழத்தில் இருப்பதால் தனியாக ஹூட் தேவையில்லை.

2.8-க்கு உண்மையான பலம் இரண்டு உண்டு. வியூஃபைண்டர் முக்கால் ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) சற்றுக் குறைவாக, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, வெளிச்சமாக இருக்கும். அடுத்தது சிஆர்சி: ஃபோகஸ் செய்யும்போது முன் பின் கண்ணாடித் தொகுதிகள் வெவ்வேறு அளவில் நகர்வதால் தொலைதூரக் காட்சியிலும் தரம் குறையாது. 3.5 அருகில் உள்ளதற்காகவே வடிவமைத்தது. ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறவருக்கு 2.8-இன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் நாற்பது வருடப் பழைய லென்ஸில் முடிவைத் தீர்மானிப்பது கண்ணாடியைவிட கிரீஸ்தான். 2.8 ஏஐ-எஸ்ஸின் பெயர்போன நோய், ஃபோகஸ் திருகிலிருந்து எண்ணெய் பிரிந்து, அப்பர்ச்சர் துளையை மூடித் திறக்கும் பிளேடுகளில் படிவது. கிரீஸிலிருந்து எண்ணெய் போய்விட்டதால் ஃபோகஸ் வளையம் இறுகும். போன எண்ணெய் பிளேடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். தொகுதிகள் தனித்தனியே நகரும் அமைப்பு என்பதால் பிரித்துச் சுத்தம் செய்வதும் கூடுதல் வேலை. 3.5-இல் கண்ணாடிகள் எல்லாம் ஒரே தொகுதியாக நகரும். அதிலும் கிரீஸ் காயும், வளையம் கனக்கும். ஆனால் பிளேடு நனைந்த 3.5 அபூர்வம், 2.8-இல் அதுவே முதல் சந்தேகம்.

இந்தக் கோளாறு ஃபிலிமில் ஒரு மாதிரியும் ஸ்கேனில் வேறு மாதிரியும் விளையாடும். எஸ்எல்ஆரில் ஷட்டரை அழுத்தும் கணத்தில்தான் பிளேடுகள் மூடுகின்றன. எண்ணெய் பிடித்துத் தாமதமானால் எஃப் 11 வைத்தும் எஃப் 4-இல் எடுத்ததுபோல் வெளிச்சம் பாயும். ரோல் டெவலப் ஆகி வரும்வரை உங்களுக்கு அது தெரியாது. அடாப்டர் வழியாக மிரர்லெஸ்ஸில் ஸ்கேன் செய்யும்போது பிளேடு முன்பே மூடியே இருக்கும், மெதுவாக மூடினாலும் படம் சரியாகவே வரும். அதனால் ‘ஸ்கேனிங்கில் பயன்படுத்தியது, அருமையாக வேலை செய்கிறது’ என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஃபிலிம் கேமராவுக்கு அது உத்தரவாதமும் இல்லை.

சோதிப்பது எளிது. லென்ஸைக் கழற்றி எஃப் 32-இல் வையுங்கள். பின்புறச் சிறு லீவரை விரலால் தள்ளினால் துளை முழுதாகத் திறக்கும். விட்டதும் கண்ணிமைக்கும் முன் ‘டக்’கென்று மூட வேண்டும். மூடுவதைக் கண்ணால் தொடர முடிந்தாலே எண்ணெய்தான். இருபது முறை செய்யுங்கள். முதல் ஐந்து முறை ஒட்டிவிட்டுப் பிறகு சரியாவதும் நோய்தான். அடுத்து டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நல்ல பிளேடு மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும், நனைந்ததில் ஈரப் பளபளப்பு தெரியும்.

3.5 வாங்கும்போதும் கவனிக்க ஒன்று உண்டு. 1960-களின் பதிப்புகளில் கிட்டே ஃபோகஸ் செய்யச் செய்ய அப்பர்ச்சர் தானாகவே விரியும். கையில் பிடிக்கும் லைட் மீட்டருக்காகச் செய்த ஏற்பாடு அது. கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருந்தால் படம் ஓவர் எக்ஸ்போஸ் ஆகும். எஃப் 8-இல் வைத்து, வளையத்தை இன்ஃபினிட்டியிலிருந்து கிட்டே திருப்பிக்கொண்டே துளையைப் பாருங்கள். பெரிதானால் அந்தப் பதிப்புதான். ஏஐ ஆக்காத பழையதை நிக்கான் எஃப்எம்2 கேமராவில் மாட்டவே கூடாது. இந்த இரண்டு தலைவலியும் இல்லாததால்தான் 1977-இன் ஏஐ.

ஸ்கேனிங்குக்கு ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழாய்) கணக்கு: ஃபோக்கல் லெங்க்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் லென்ஸ் எவ்வளவு முன்னால் வர வேண்டும் என்பது கிடைக்கும். 35 மி.மீ. நெகட்டிவை முழு ஃபிரேம் சென்சாரில் நிரப்ப 1:1 வேண்டும், அதாவது லென்ஸ் 55 மி.மீ. முன்னால் வர வேண்டும்; அதில் 27.5 மி.மீ. லென்ஸ் தானே நீளும், மீதி 27.5-ஐ பிகே-13 ட்யூப் தரும். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 0.65 மடங்கு, சுமார் 36 மி.மீ.; 14 மி.மீ. உள்ள பிகே-12 போதும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு ட்யூப்பே வேண்டாம். 6x6 செ.மீ. நெகட்டிவுக்கு முழு ஃபிரேமிலும் வேண்டாம், 0.43 மடங்கே போதும்.

1:1-இல் வளையத்தில் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 16. அதற்கு மேல் மூடினால், சிறு துளையில் ஒளி சிதறும் டிஃப்ராக்‌ஷன் கிரெயினை மழுக்கும். ஆகவே 5.6-க்கும் 8-க்கும் இடையில் நில்லுங்கள். கேமராவின் மீட்டர் இந்த இழப்பைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். தனி மீட்டர் வைத்து ஃபிலிமில் எடுப்பவர்கள் 1:2-இல் ஒன்றேகால் ஸ்டாப், 1:1-இல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

மற்ற போட்டியாளர்களில் ஒலிம்பஸ் ஸுய்கோ 50 எஃப் 3.5 இலேசானது, கையடக்கமானது. பின் கண்ணாடிகளில் மங்கல் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்க வேண்டும். கேனான் எஃப்டி 50 எஃப் 3.5-ஐ மிரர்லெஸ்ஸில் தாராளமாக மாட்டலாம், கேனானின் இஎஃப் டிஎஸ்எல்ஆரில் இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் இன்ஃபினிட்டி கிடைக்காது. டாம்ரான் 90 எஃப் 2.5-ஐ ஸ்கேனுக்கு நான் கொஞ்சமே பயன்படுத்தியிருப்பதால் அடித்துச் சொல்லமாட்டேன். பூச்சி எடுக்க, 90 மி.மீ. தரும் கூடுதல் இடைவெளி வரம்தான். ஸ்கேன் ஸ்டாண்டிலோ கேமரா இன்னும் உயரத்துக்குப் போகும், ஆட்டமும் கூடும்.

எந்த லென்ஸானாலும் 1:1-இல் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. ஒரு மூலை மங்கினால் லென்ஸைப் பழிக்கும் முன் நெகட்டிவ் வைக்கும் இடத்தில் சின்ன முகக்கண்ணாடியை வைத்து லைவ் வியூவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு, எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே, பெரிதாக்கிய திரையில் கிரெயினைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.