வெஞ்சுரியா, உரத்தொட்டியா, பம்பா? சொட்டுநீரில் உரம் விட எது சரி

சொட்டுநீரோடு உரத்தையும் விடலாம் என்று முடிவெடுத்ததும், எதை வைத்து விடுவது என்ற கேள்வி வரும். விலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: மோட்டார் தரும் அழுத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, நிலத்தை எத்தனை பிளாக்காகப் பிரித்துப் பாய்ச்சுகிறீர்கள்.

வெஞ்சுரியில் நகரும் பாகம் கிடையாது. குழாய் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுக்க, அங்கே அழுத்தம் விழுந்து வாளியில் உள்ள உரக் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். தேய்மானம் இல்லை, மின்சாரமும் தனியாக வேண்டாம். ஆனால் உள்ளே வரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அது தின்றுவிடுவது சாதாரணம். 1.5 கிலோ அழுத்தம் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) வந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் லேட்டரலுக்கு, அதாவது செடி வரிசையில் ஓடும் குழாய்க்குப் போகும். அதனால்தான் மெயினில், அதாவது முதன்மைக் குழாயில், ஒரு வால்வு வைத்து, வெஞ்சுரியைப் பக்கவழியில் பொருத்துகிறோம். மெயின் வால்வைக் கொஞ்சம் மூடினால்தான் உறிஞ்சும்.

உறிஞ்சவில்லை என்றால் முதலில் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து உறிஞ்சும் ட்யூபின் இணைப்பில் காற்று இழுக்கிறதா, வாளிக்குள் இருக்கும் சிறு சல்லடை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வாளியில் உரம் குறைவதற்குப் பதில் தண்ணீர் ஏறினால் அழுத்த வித்தியாசம் போதவில்லை என்று அர்த்தம். மெயின் வால்வை இன்னும் மூட வேண்டும். மேட்டிலோ தூரத்திலோ உள்ள பிளாக்கைத் திறக்கும்போது எதிர் அழுத்தம் கூடி உறிஞ்சும் வேகம் குறையும். ஒரு பிளாக்கில் பார்த்த அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு பிளாக்கையும் திறந்து, 10 லிட்டர் வெறும் தண்ணீரை எத்தனை நிமிடத்தில் இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 நிமிடம் ஆனால் மணிக்கு 150 லிட்டர்.

உரத்தொட்டி என்பது மூடிய தொட்டி, பாசனத் தண்ணீரில் ஒரு பங்கு அதற்குள் புகுந்து உரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும். அதற்கு அவ்வளவு அழுத்தம் வேண்டியதில்லை, 0.1 முதல் 0.2 கிலோ வித்தியாசம் போதும். மோட்டார் திறன் குறைவான இடத்துக்கு அது பெரிய வசதி. குறை என்னவென்றால், கரைசலின் அடர்த்தி ஆரம்பத்தில் உச்சத்தில் இருந்து வேகமாக இறங்கும். தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான தண்ணீர் ஒரு முறை ஓடி முடியும்போது 37 சதவீத உரம்தான் உள்ளே மிஞ்சியிருக்கும். நான்கு மடங்கு ஓடினால் 98 சதவீதம் வெளியேறிவிடும். 60 லிட்டர் தொட்டிக்கு 240 லிட்டர். இந்தக் கணக்கு உரம் முழுதாகக் கரைந்திருந்தால் மட்டுமே. ஒரே தொட்டியை வைத்து இரண்டு பிளாக்குக்குப் பங்கு போட்டால் முதல் பிளாக் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பிளாக்குக்கு ஒரு தொட்டி என்று நிரப்பினால் அளவு பிசகாது. மரப்பயிர்த் தோட்டத்துக்கு அது போதும். தென்னைநார்க் கழிவில் வளர்க்கும் பசுமைக்குடில் பயிருக்கு ஒவ்வொரு சொட்டின் அடர்த்தியும் முக்கியம், அங்கே உரத்தொட்டி வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் ஓட்டத்திலேயே இயங்கும் விகிதப் பம்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. 1 சதவீதத்தில் வைத்தால், மணிக்கு 5,000 லிட்டர் ஓடும்போது 50 லிட்டர் கரைசல் சேரும். ஓட்டம் குறைந்தால் உரமும் அதே விகிதத்தில் குறையும். ஒரே டிரம்மிலிருந்து நான்கு பிளாக்குக்கு வரிசையாக விடலாம். எதிரி மணல்தான். வடிகட்டாத தண்ணீர் போனால் சீல் கீறிப்போய், சத்தமில்லாமல் விகிதம் இறங்கும். பருவத்துக்கு ஒரு முறையாவது அளந்து சரிபாருங்கள். மின்சாரப் பம்பு வாங்கினால், பாசன மோட்டார் நின்றதும் அதுவும் நிற்கும்படி இணைக்காமல் விடாதீர்கள். இல்லாவிட்டால் அடர்கரைசல் குழாயிலேயே தேங்கும்.

ஒரே பிளாக், அழுத்தம் தாராளம் என்றால் வெஞ்சுரியே போதும், அதற்கு மேல் செலவழிப்பது வீண். மூன்று பிளாக்குக்கு மேல் போனாலோ மேடுபள்ளம் இருந்தாலோ விகிதப் பம்பு வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் உரம் சேருமிடம் வடிகட்டிக்கு முன்னால் இருக்கட்டும், கரையாத துகள் டிரிப்பருக்கு, அதாவது சொட்டுவிடும் முனைக்குப் போகாது. அதற்கும் முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில், ஒருவழி வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால், மோட்டார் நின்றதும் கரைசல் கிணற்றுக்குத் திரும்பிவிடும். பாசன நேரத்தை நான்காகப் பிரித்து, முதல் கால் வெறும் தண்ணீர், நடுவில் பாதி நேரம் உரம், கடைசிக் கால் மறுபடி வெறும் தண்ணீர் என்று விடுங்கள். முதலிலேயே உரத்தை விட்டுவிட்டு நெடுநேரம் பாய்ச்சினால் யூரியாவும் நைட்ரேட்டும் வேருக்குக் கீழே இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும். காசும் போச்சு, கிணறும் போச்சு.

குழாய் கழுவப்பட்டதா என்று அறிய, கடைசி டிரிப்பரின் சொட்டைப் பிடித்து ஈ.சி. மீட்டரில் (தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்பைக் காட்டும் கருவி) பாருங்கள், பாசனத் தண்ணீரின் அளவுக்கே இறங்கியிருந்தால் முடிந்தது. யூரியா மட்டும் விட்டிருந்தால் மீட்டர் எந்த வித்தியாசமும் காட்டாது, ஏனென்றால் யூரியா கரைந்தாலும் அயனியாகப் பிரிவதில்லை. கொஞ்சம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து ஒரு முறை நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டால், பிறகு அந்த நேரத்தையே பின்பற்றலாம்.

கால்சியம் நைட்ரேட்டை பாஸ்பேட், சல்பேட் உரங்களோடு ஒரே டிரம்மில் கலக்காதீர்கள், அடியில் வெள்ளையாகப் படிந்து டிரிப்பரை அடைக்கும். தனி நாளில் விடுங்கள்.