தருமபுரி ஆய்வகம்: செல் கணக்கு சரி, கல்ச்சர் சுமார்

அறுவை செய்து பொருத்திய மாற்று மூட்டில் தொற்றா என்று பார்க்க, உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரண்டும் இங்கே அன்றே கிடைக்கும். அறுவை முடிந்து மாதக்கணக்கில் ஆனவருக்கு சிஆர்பி லிட்டருக்கு 10 மி.கி., ஈஎஸ்ஆர் மணிக்கு 30 மி.மீ. தாண்டினால் சந்தேகம்தான். குறைவாக இருந்தாலும் தொற்று இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

மூட்டு நீரை, உறைதலைத் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் வாங்குகிறார்கள், நல்லது. இல்லையென்றால் உறைந்து எண்ணிக்கை பொய்க்கும். மைக்ரோலிட்டருக்கு 3,000 வெள்ளணு, அதில் நியூட்ரோபில் என்ற வகை 80 சதவீதம் தாண்டினால் தொற்றுக்கே வாய்ப்பு அதிகம்.

கல்ச்சர், அதாவது மூட்டு நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் சொதப்பல். 5 நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். கியூட்டிபாக்டீரியம் மாதிரி மெதுவாக வளரும் கிருமிக்கு 14 நாள் வேண்டும். மருத்துவர் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஆன்டிபயாட்டிக் ஓடும்போது நீர் எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். உடல்நிலை இடம் கொடுத்தால், மருத்துவர் சொல்லி 2 வாரம் நிறுத்திய பிறகு எடுப்பதே முறை. ஆன்டிபயாட்டிக் ஓடுகிறதா என்று கவுன்டரில் கேட்பதே இல்லை.