ஃபெர்ன் செடிக்கு நிழல்வலையும் எல்.இ.டி. விளக்கும்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

நர்சரியில் ஃபெர்ன் வாங்கினால் கூடவே இரண்டு சாமான்களைத் தலையில் கட்டிவிடுவார்கள். மொட்டைமாடிக்கு என்றால் பச்சை நிழல்வலை, ஹாலுக்கு என்றால் ஊதா வெளிச்சம் அடிக்கும் க்ளிப் விளக்கு. இரண்டும் வேண்டாம். கறுப்பு வலையும், வீட்டில் மாட்டும் வெள்ளை பேட்டன் லைட்டும் (டியூப் லைட் மாதிரி நீளமான எல்.இ.டி. விளக்கு) போதும்.

வலை 35, 50, 75, 90 என்று சதவீதக் கணக்கில் விற்கிறது. அது மறைக்கும் வெளிச்சத்தின் அளவு. கோடையில் நம்மூர் உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). 50 வலைக்குக் கீழே அது 50,000. தக்காளி, கத்தரிக்குச் சரி, ஃபெர்ன் பொசுங்கிவிடும். 75 வலையில் 25,000. போஸ்டன் ஃபெர்ன் இதைத் தாங்கும், தண்ணீர் தவறாமல் கிடைத்தால் தழையவும் செய்யும். மெய்டன்ஹேர், பேர்ட்ஸ் நெஸ்ட் என்ற ஃபெர்ன் வகைகளுக்கு இதுவே அதிகம். 10,000 லக்ஸை ஒட்டி இருந்தால் நல்லது. அதற்காக 90 வலை வாங்க வேண்டியதில்லை. 75 வலையைக் கட்டி, அந்தத் தொட்டிகள் நிற்கும் மூலைக்கு மட்டும் ஒரு 50 துண்டை மேலே விரித்தால் 12,500 லக்ஸ் வரும். ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்தால் நூறாகி இருட்டிவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். முதல் வலை விட்டதில் பாதியைத்தான் இரண்டாவது தடுக்கும், மொத்தம் 75தான்.

பச்சை வலை கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவே. அதைத் தாண்டி வரும் வெளிச்சத்தில் செடிக்கு அதிகம் உதவும் சிவப்பும் நீலமும் குறைந்து பச்சை தூக்கலாக இருக்கும். எல்லாமே பச்சையாகத் தெரிவதால் இலை வெளுப்பதையும் காலம் கடந்துதான் கவனிப்போம். கறுப்பு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கிறது. சூடேறுவதுதான் அதன் குறை. ஐந்தடி உயரத்தில் கட்டினால் அந்த அனல் நேரே இலைமேல் இறங்கும். எட்டடிக்குக் குறையாமல் கட்டி, பக்கவாட்டில் காற்று போகவிட்டால் தொந்தரவு இல்லை.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். யு.வி. பாதுகாப்பு உண்டா? இல்லாத வலை வெயிலில் காய்ந்து, கிள்ளினாலே பொடிப்பொடியாக உதிரும். நிழல்வலைக்கு ஐ.எஸ். 16008 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. ரோலின் லேபிளில் அந்த எண்ணைத் தேடுங்கள். அடுத்து இழை. பட்டையான நாடா இழையைவிட நரம்பு மாதிரி உருண்டையான மோனோ இழை காற்றைத் தாங்கும், தூசியும் குறைவாகவே பிடிக்கும். மூன்றாவது ஓரம். பின்னிய வலையை வெட்டினால் பிரியாது. நெய்தது இழை இழையாக உருவிக்கொண்டு வரும். எதுவானாலும் ஓரத்தை இரண்டு அங்குலம் மடித்து, இரண்டு அடிக்கு ஒரு க்ளிப் போட்டு ஜி.ஐ. கம்பியில் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) மாட்டுங்கள். நைலான் கயிறு தொய்ந்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது பக்கவாட்டில். மேலே மட்டும் வலை போட்ட மாடியில் மாலை மூன்று மணிக்குமேல் மேற்கு வெயில் வலைக்கு அடியில் புகுந்து தொட்டியைச் சுட்டுவிடும். மேற்கில் ஒரு திரை தொங்கவிடாமல் கூரைக்கு எத்தனை சதவீத வலை போட்டாலும் வீண்.

வடக்குப் பார்த்த பால்கனிக்கு வெயிலே வராது என்று நம்பி வலை இல்லாமல் விடுவதும் இப்படித்தான். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம்தான் இருக்கும். காலையும் மாலையும் சாய்ந்த வெயில் உள்ளே விழும். அதுவரை நன்றாக இருந்த ஃபெர்ன் மே மாதத்தில் நுனி கருகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தெற்குப் பால்கனிக்கு எதிர்ப்பாடு, டிசம்பரில்தான் வெயில் ஆழமாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் 75 வலை அதிகம். பாதியைச் சுருட்டிவிடாவிட்டால் மண் காயாது, வேர் அழுகும்.

லக்ஸ் மீட்டர் தேவையில்லை. மத்தியானம் தொட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாக, கூர்மையாக நிழல் விழுந்தால் வெளிச்சம் அதிகம். ஓரம் மங்கி, கை என்று மட்டும் தெரிந்தால் சரி. நிழலே இல்லை என்றால் விளக்கு வேண்டும்.

விளக்கு என்றதும் ஊதா க்ளிப்தான் முன்னால் வந்து நிற்கும். பெட்டியில் 40 வாட், 80 வாட் என்று போட்டிருக்கும், கூடவே யு.எஸ்.பி. வயர் இருக்கும். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தருவதே 10 வாட். மீதி எங்கிருந்து வரும்? ஊதா வெளிச்சத்தில் செடி வளராமல் இல்லை. ஆனால் இலை மஞ்சளாகிறதா, செதில்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. ஃபெர்னில் இது முக்கியம். இலைக்கு அடியில் வரிசையாக, ஒரே அளவில் இருக்கும் பழுப்புப் புள்ளிகள் வித்துத்தொகுதிகள், அதாவது ஃபெர்ன் இனம்பெருக்கும் வித்துகள் இருக்கும் இடம், அவற்றைச் சுரண்டக் கூடாது. தண்டிலும் நரம்பிலும் தாறுமாறாக ஒட்டியிருப்பவை பூச்சி, அவற்றைச் சுரண்டத்தான் வேண்டும். பிரித்தறிய வெள்ளை வெளிச்சம் வேண்டும்.

நாலடி நீள, 20 வாட், 6500 கெல்வின் (பகல்வெளிச்சம் போன்ற வெள்ளை நிறம்) பேட்டன் லைட் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். பெட்டியில் 2,000 லூமன் (விளக்கு வெளிவிடும் மொத்த வெளிச்சம்) என்று போட்டிருந்தால், இலைக்கு ஓரடி மேலே மாட்டும்போது 2,000 லக்ஸுக்குச் சற்று மேலே கிடைக்கும். இரண்டடிக்குத் தூக்கினால் பாதிகூடத் தேறாது, கூரையில் எரியும் டியூப் லைட் ஃபெர்னுக்குக் கணக்கிலேயே இல்லை. ஒரு பேட்டனில் பேர்ட்ஸ் நெஸ்ட் இருக்கிற நிலையில் நிற்கும். மெய்டன்ஹேர் புதுத்துளிர் விட வேண்டுமானால் அருகருகே இரண்டு மாட்டுங்கள். போஸ்டனுக்கு இரண்டும் போதாது. காம்பு நீண்டு, சிற்றிலைகளுக்கு நடுவே இடைவெளி விழும், உள்பக்க இலைகள் கொட்டும். அதைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்து, விளக்கைத் துணைக்கு மட்டும் எரிய விடுங்கள்.

இரண்டு பேட்டன் தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 29 யூனிட் கூடும். பிளக்கில் செருகும் டைமர் ஒன்று வாங்கிக் காலை 6 முதல் மாலை 6 வரை வையுங்கள். இரவிலும் எரியவிட்டால் செடிக்கு லாபமில்லை. தண்ணீர் தெளிக்கும்போது சுவிட்சை அணையுங்கள். இந்த விளக்குகளின் பலவீனமே ஈரம்தான்: முனை மூடி வழியாக உள்ளே புகுந்தால் டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) போய்விடும். அதனால் ஸ்பிரேயரை ஓரமாக வைத்துவிட்டு, தொட்டிக்கு அடியில் கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பது மேல். தொட்டியின் அடி மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது.