ஸ்கேன் பண்ண ஆறு மாசம், பேர் கேட்க நாலு வருஷம்

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் சுமார் 1,400 போட்டோ, இரண்டு டப்பா நெகட்டிவ், ஆறு வி.எச்.எஸ். வீடியோ கேசட். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு தீபாவளி லீவில் முடித்துவிடலாம் என்று 2021ல் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் மொபைலில் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் டியூப் லைட் விழுந்தது. பிறகுதான் எப்சன் வி600 ஸ்கேனர் வாங்கினேன். 4x6 பிரிண்டுக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) தாராளம், 1200 வைத்ததில் ஃபைல்தான் நாலு மடங்கு பெருத்தது, முகம் தெளியவில்லை. நெகட்டிவுக்கு 3200. இதிலுள்ள தூசி நீக்கும் வசதி கலர் நெகட்டிவில் பிரமாதம். கறுப்பு வெள்ளையில் உதவாது. தூசியைக் கண்டுபிடிப்பது அகச்சிவப்புக் கதிரால்; கறுப்பு வெள்ளை ஃபிலிமிலுள்ள வெள்ளி அந்தக் கதிரை மறித்துவிடும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டவற்றை டென்டல் ஃபிளாஸ் விட்டு மெல்ல அறுத்தெடுத்தேன். வராததைத் தாளோடு ஸ்கேன் செய்தேன். இழுத்துப் பார்த்ததில் தாத்தாவின் ஒரு காது போனது.

கேசட்டுதான் படுத்திவிட்டது. இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை. அதை அப்படியே போட்டால் வி.சி.ஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றை மட்டும் கடையில் கொடுத்தேன். மற்றதற்கு, வி.சி.ஆரில் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் பதிய மலிவாக ஒரு யு.எஸ்.பி. கருவி வாங்கினேன். போகப்போக சத்தம் பின்தங்கி, தாலி கட்டி எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கெட்டிமேளம் கேட்டது. வேறு கருவி மாற்றி, மறுபடி முதலிலிருந்து. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம்தான், குறுக்கு வழி கிடையாது.

ஆனால் நான் செய்த பெரிய தப்பு இதெல்லாம் இல்லை. படத்தில் இருப்பது யார், எந்த வருஷம் என்று கேட்பதைக் கடைசிக்கு வைத்ததுதான். ஸ்கேனர் ஸ்கேன் செய்த தேதியைத்தான் போடும்; மொபைலில் பாட்டியின் கல்யாணமும் 2021ல் நடந்தது. ஃபைலில் பதிந்த தேதியைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் மாற்றலாம், மாற்ற வருஷம் தெரியவேண்டுமே! அத்தைதான் கைகொடுத்தார். "திண்ணைக்கு சிமெண்டு பூசலை பாரு, அப்ப உங்க சித்தப்பா பொறக்கலை" என்பார். அவர் பேசுவதை மொபைலில் பதிவு செய்கிறேன். இப்போது அந்த ஆடியோக்களைத்தான் முதலில் பேக்கப் எடுக்கிறேன், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று தங்கை வீட்டில்.

'யாரோ' என்ற ஃபோல்டரில் இன்னும் 83 படம் இருக்கிறது. பெரியத்தைக்கு மொபைலில் கண் தெரியாது. அதனால் 83ஐயும் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.