அரிட்டாபட்டிக்குக் கொண்டுபோன வாடகை லென்ஸ்

இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த 150-600 மி.மீ. லென்ஸுடன் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போனேன். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். மலை உச்சியில் வட்டமிட்ட வல்லூறு, முழு ஜூமான 600இலும் பொட்டாகத்தான் தெரிந்தது. வெயில் ஏறியதும் பாறைச் சூடு படத்தைக் கலங்கடித்துவிட்டது. அதற்கு லென்ஸைக் குறை சொல்ல மாட்டேன்.

கருவேலம் புதரில்தான் உண்மையான சோதனை. தானியங்கி ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டு முன்னால் நீட்டிய முள்ளையே பிடித்தது. நான் குறிக்கும் ஓரிடத்தில் மட்டும் ஃபோகஸ் செய்யும் ஒற்றைப் புள்ளி முறைக்கு மாற்றினேன். பஞ்சுருட்டான் தேனீயைக் கிளையில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கும் காட்சி, அதன் சிவந்த கண்ணோடு துல்லியமாகப் பதிந்தது!

கடைக்காரர்மீதுதான் வருத்தம். முக்காலியில் பொருத்தும் வளையத்தின் திருகு தேய்ந்திருந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோ எடையைக் காலை முழுவதும் கையிலேயே தாங்கினேன். வாடகை வாங்குகிறவர் இதைப் பார்த்துத் தர வேண்டாமா? லென்ஸ் அருமை, மறுபடியும் எடுப்பேன்.